கைமாறும் நோயாளி

2022ஆம் வருஷம் ஜனவரி 12ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 சர்க்கார் மருத்துவக் கல்லூரிகள் திறந்து வைக்கப்பட்டன. திருப்பூர்க் கல்லூரி அவற்றுள் ஒன்று. அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன், 2019 பிப்ரவரி 10ஆம் தேதி, தொழிலாளர்களுக்கென்று 100 படுக்கைகள் கொண்ட இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் திருப்பூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. பனியன் தொழிலால் தேசத்துக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் ஓர் ஊரார், கடும் நோய் கண்டால் சுமார் 50 கிலோமீட்டர் கடந்து கோயமுத்தூர் போய்ச் சேர வேண்டியிருந்த நிலைமை மாறத் தொடங்கியது குறித்து மகிழாதார் இலர். நாமும் மகிழ்கிறோம்.

ஆயினும் ஆஸ்பத்திரி என்றதும் படுக்கை எத்தனை, ஸ்கான் யந்திரம் எத்தனை, டாக்டர்கள் எத்தனை பேர் என்று கணக்குக் கேட்பதோடு நமது பொதுஜன ஊழியர்கள் திருப்தியடைந்து விடுகின்றனர். ஒரு டாக்டர் தம் பொறுப்பிலிருந்த நோயாளியை மற்றொரு டாக்டரிடம் விடும்போது என்ன சொல்லி விடுகிறார், ஒரு நர்ஸ் டியூட்டி முடிந்து வீடு திரும்புமுன் அடுத்து வருபவரிடம் எதை ஒப்புவித்துச் செல்கிறார் என்று வினவுவோர் அரியர். படுக்கையும் யந்திரமும் குறைவின்றி இருந்தும், இந்தக் கைமாற்றம் சரியாக நடவாமையால் மட்டும் பிராணனை இழப்போர் உளர் என்பதே இன்று நாம் நேயர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்பும் விஷயம்.

துணி வெட்டும் யந்திரத்தில் ஒரு தொழிலாளியின் கை அகப்பட்டதாகக் கொள்வோம். கம்பெனி சூபர்வைசர் கையைத் துணியால் இறுகக் கட்டுகிறார். பக்கத்துக் கிளினிக்கில் ஓர் ஊசி போடப்படுகிறது. 108 வண்டி வருகிறது. வண்டியிலிருக்கும் உதவியாளர் அவசரப் பிரிவு டாக்டரிடம் விடுகிறார். அவர் அறுவை டாக்டரிடம். அங்கிருந்து மயக்க மருந்து டாக்டரிடம். அறுவை முடிந்தபின் வார்டு நர்ஸிடம். அவர் இரவு நர்ஸிடம். காலையில் இன்னொரு ஹவுஸ் சர்ஜனிடம். ஒரே இரவுக்குள் எட்டுக் கைகள் மாறிவிடுகின்றன. கட்டு எத்தனை மணிக்குப் போடப்பட்டது? கிளினிக்கில் போட்ட ஊசி வலிக்கா, சீழ் பிடியாதிருக்கவா? முன்பு ஏதேனும் மருந்து ஒவ்வாமல் போனதுண்டா? இவற்றை அறிந்தவர் முதலில் நின்ற இருவர் மூவரே. அவர்கள் அறிந்தது எட்டாவது மனிதரிடம் சென்று சேர்ந்ததா என்பதை யார் கேட்கிறார்கள்?

திருப்பூராருக்கு இதை விளக்க நாம் அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. நூல் ஒரு வாசலில் இறங்குகிறது. நிட்டிங் ஓரிடம், சாயப்பட்டறை ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம், கட்டிங் வேறிடம், பவர்டேபிள் வேறிடம், செக்கிங்கும் பேக்கிங்கும் பிறிதோரிடம் என்று ஒரே துணி பல வாசல்கள் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு வாசலிலும் டெலிவரி சலான் உண்டு. ரோல் எத்தனை, எடை எவ்வளவு, டயா என்ன, ஜி.எஸ்.எம். என்ன, லாட் நம்பர் என்ன என்று எழுதியிருக்கும். வாங்குபவர் எடை போட்டுப் பார்த்த பின்பே கையெழுத்திடுவார். குறைந்திருந்தால் வண்டிக்காரர் நிற்கும்போதே கேட்டுவிடுவார். ஜாப் ஒர்க்குக்குத் துணி அனுப்பும்போது சலான் இல்லாமல் அனுப்பலாகாதென்று ஜி.எஸ்.டி. விதிகளே கட்டளையிடுகின்றன. ஒரு லாட்டுத் துணிக்குள்ள இந்த மரியாதை அத்துணியைத் தைத்த மனிதருக்கு ஆஸ்பத்திரி வாசலில் கிடைப்பதில்லை என்று நாம் கூறுவது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் ரெபரல் சீட்டு என்ற பெயரில் இரண்டு வரி கிறுக்கி, மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது என்று முடித்த காகிதத்தைக் கண்டிராத குடும்பம் இந்த ஜில்லாவில் எத்தனை இருக்கும்?

இத்தனை காலம் பெரும்பாலும் விபத்தின்றி இது எப்படி ஓடி வந்தது என்று நேயர்கள் கேட்கலாம். நம் நாட்டில் நோயாளியின் சரித்திரத்தை உண்மையில் சுமந்து சென்றவர் டாக்டருமல்லர், நர்ஸுமல்லர். நோயாளியின் தாய் அல்லது மனைவி. ஜவுளிக்கடைப் பையில் ஸ்கான் படமும் ஓ.பி. சீட்டும் தீர்ந்துபோன மாத்திரை அட்டையும் போட்டுக்கொண்டு வார்டுக்கு வார்டு நடப்பவர் அவர். இரவு நர்ஸ் ஊசியோடு வந்தால், “இதைச் சாயங்காலமே போட்டாச்சுங்க” என்று தடுப்பவரும் அவரே. சம்பளமின்றி, பயிற்சியின்றி, தூக்கமின்றி இந்த வேலையை நமது பெண்மக்கள் செய்து வந்திருக்கின்றனர். அதன் மீது சாய்ந்துகொண்டுதான் ஆஸ்பத்திரிகள் நடந்தன.

திருப்பூரிலோ நிலைமை வேறு. ஒரிஸா, பீஹார், ஜார்க்கண்டு, அஸ்ஸாம், வங்காளம் முதலிய மாகாணங்களிலிருந்து வந்து இங்கு உழைப்போர் லட்சக்கணக்கினர். அவர்களில் ஒருவர் நோயுற்று விழுந்தால் உடன் வருபவர் ஒப்பந்தக்காரரின் ஆள். அல்லது ஒரே அறையில் தங்கும் நண்பர். அவரும் ஒன்றரை ஷிப்டு பார்த்த களைப்பில் இருப்பவர். விடிந்தால் மறுபடியும் வேலைக்குப் போக வேண்டியவர். அவர் சென்றபின் கட்டிலருகே எவருமில்லை. நோயாளி வாய் திறந்தாலும் பாஷை விளங்குவதில்லை. தாயும் மனைவியும் செய்து வந்த காரியத்தை அப்போதுதான் ஆஸ்பத்திரி தானே செய்ய வேண்டி வருகிறது. அதற்கு அது பழகியிருக்கவில்லை என்பதும் அப்போதுதான் வெளியாகிறது.

2022 நவம்பரில் சென்னைப் பெரியார் நகர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் நிகழ்ந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கால்பந்து விளையாட்டில் பெயர் பெற்று வந்த 17 வயதுக் கல்லூரி மாணவி ஒருவருக்கு முழங்கால் மூட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் போடப்பட்ட கட்டு அளவுக்கு மீறி இறுகியமையால் ரத்த ஓட்டம் தடைப்பட்டது. ராஜீவ் காந்தி ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டுக் கால் அகற்றப்பட்டும், 15ஆம் தேதி அவர் உயிர் நீத்தார். கவனக்குறைவு நேர்ந்ததென்பதை அப்போது சுகாதார மந்திரியாயிருந்த ஸ்ரீ மா. சுப்பிரமணியனே ஒப்புக்கொண்டார்; டாக்டர்கள் மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. யார் குற்றவாளி என்று தீர்ப்புக் கூறுவது நமது வேலையன்று. ஆனால் வழக்காடு மன்றத்தில் பழகிய எவர் மனத்திலும் ஒரு கேள்வி எழாமலிராது. அறுவை மேஜையிலிருந்து வார்டுக்கு வந்த அந்த நோயாளியின் பாதத்தின் நிறத்தையும் சூட்டையும் எத்தனை மணிக்கொரு தரம் பார்க்க வேண்டும், கட்டை எப்போது தளர்த்த வேண்டும், எந்தக் குறி தென்பட்டால் யாரை எழுப்ப வேண்டும் என்பவற்றை யார் யாரிடம் சொன்னார்? கேட்டவர் விளங்கிக்கொண்டதாகச் சொன்னாரா? தண்டனை பெற்றவர் எத்தனை பேர் என்பது பத்திரிகைகளில் வந்தது. இந்தக் கேள்வி அன்று எழுந்த ஆரவாரத்தில் அமுங்கிப் போயிற்று.

சொல்லாமை ஒரு விதத்தில் கொல்லும். அரைகுறையாய்ச் சொல்லுதல் இரு விதத்திலும் கொல்லும். பிரசவ காலத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்புக் கண்ட ஒரு பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அனுப்புமுன் மக்னீசியம் சல்பேட் ஊசியின் முதல் பெரிய அளவைப் போடுவது வழக்கம். போட்டதை எழுதாமல் அனுப்பினால், பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடியும் அதே அளவைப் போட்டுவிடக் கூடும். அளவு மிஞ்சினால் அந்த மருந்தே மூச்சை நிறுத்தவல்லது. போட்டிருப்பார்கள் என்று இவர்கள் தாமே ஊகித்துக்கொண்டு விட்டுவிட்டால், வலிப்பு மீண்டும் வரும். பாம்புக் கடியிலும் இப்படியே: கடித்த நேரம், கொடுத்த விஷமுறிவு மருந்தின் குப்பிக் கணக்கு. சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டியில் இறங்கி மூர்ச்சையானவரைத் தூக்கி வருபவர்கள், அந்தத் தொட்டியில் என்ன இருந்தது, எவ்வளவு நேரம் உள்ளே கிடந்தார் என்பதைச் சொல்லாமலே திரும்பிவிடுவதுண்டு. டாக்டரும் கேட்பதில்லை, கூட்டம் அப்படி.

இது நமக்கு மட்டும் உரிய நோயன்று. உலக சுகாதார ஸ்தாபனம் 2007ஆம் வருஷம் நோயாளிகளின் பாதுகாப்புக்கென ஒன்பது பரிகாரங்களை வெளியிட்டபோது, கைமாற்றத்தின்போது செய்தி தெரிவிக்கும் முறையை அவற்றுள் ஒன்றாக வைத்தது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் உத்தியோகஸ்தர்கள் பழகிய ஒரு முறையைக் கெய்ஸர் பெர்மனென்டே என்னும் வைத்திய ஸ்தாபனத்தார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தனர். இப்போது என்ன நிலைமை, இதற்கு முன் நடந்தது என்ன, என் மதிப்பீடு யாது, நீர் செய்ய வேண்டுவது யாது என்ற நான்கையும் அதே வரிசையில் சொல்வதுதான் அந்த முறை. எஸ்பார் என்று அதற்குப் பெயர். லண்டன் கிரேட் ஆர்மண்டு தெருக் குழந்தைகள் ஆஸ்பத்திரியாரோ மோட்டார் பந்தயக்காரர்களிடம் பாடம் கேட்டனர். பந்தய வண்டி நின்றதும் பலர் ஒரே சமயத்தில் சக்கரம் மாற்றுகிறார்கள். எவருடைய கையும் மற்றவர் கையில் இடிப்பதில்லை. அதைப் பார்த்து, இருதய அறுவை முடிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒப்படைப்பதற்கு ஒரு கிரமம் வகுத்தனர். முதலில் யந்திரங்களை மாட்டுவது. அதன்பின் ஒருவர் பேச மற்றவர் கேட்பது. கடைசியில் கலந்து பேசி மேலே செய்ய வேண்டியதைத் தீர்மானிப்பது. ஒவ்வொரு ஒப்படைப்பிலும் சராசரி 5.42 ஆக இருந்த பிழைகள் 3.15 ஆகக் குறைந்தன என்று 2007இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

எல்லாவற்றினும் நாம் முக்கியமாகக் கருதுவது, 2014இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிஸின்’ என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்த ஐ-பாஸ் ஆராய்ச்சி. ஒன்பது ஆஸ்பத்திரிகளில் 10,740 நோயாளி அனுமதிகளை வைத்து அது நடத்தப்பட்டது. இளம் டாக்டர்கள் டியூட்டி மாறும்போது சொல்ல வேண்டுவனவற்றுக்கு ஐந்து அம்சங்கள் வகுத்துப் பயிற்சி அளித்தனர்: நோயின் கடுமை, சுருக்கமான வரலாறு, செய்ய வேண்டிய காரியங்கள், இன்னது நேர்ந்தால் இன்னது செய்க என்ற முன்னேற்பாடு, இறுதியாகக் கேட்டவர் தாம் கேட்டதைத் திருப்பிச் சொல்லுதல். வைத்தியப் பிழைகள் நூற்றுக்கு 23 வீதம் குறைந்தன. தடுக்கக் கூடிய தீங்குகள் நூற்றுக்கு 30 வீதம் குறைந்தன. ஒரு நோயாளியைப் பற்றிப் பேசப் பயிற்சிக்கு முன் 2.4 நிமிஷம் ஆயிற்று. பயிற்சிக்குப் பின் 2.5 நிமிஷம். நேரமில்லை என்று கூறுவோர் இந்தக் கணக்கைச் சற்று நோக்குவாராக.

மேற்சொன்ன ஐந்தில் கடைசியாக உள்ளதே நமது ஆஸ்பத்திரிகளில் அடியோடு இல்லாதது. பெரிய டாக்டர் சொல்வார், சின்ன டாக்டர் “யெஸ் சார்” என்பார், நர்ஸ் தலையசைப்பார். திருப்பிச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்றும், மறு கேள்வி கேட்பது மரியாதைக் குறைவென்றும் எண்ணும் பழக்கம் வேரூன்றிக் கிடக்கிறது. சாயப்பட்டறையில் மேஸ்திரி சொன்ன சாய அளவை உதவியாளர் உரக்கத் திருப்பிச் சொன்னால் அவரை யாரும் கடிந்துகொள்வதில்லை. ஷேடு மாறிவிட்டால் நஷ்டம் எவ்வளவென்று இருவருக்கும் தெரியும். இருபது வருஷ அனுபவமுள்ள ஒரு நர்ஸ், நேற்று வந்த ஹவுஸ் சர்ஜனிடம், “டாக்டர், இந்த அளவு சரிதானா?” என்று கேட்கத் தயங்கும் இடத்தில் எந்தப் படிவமும் பயன் தராது.

பாஷை விஷயமும் இதில் கலந்திருக்கிறது. கேஸ் ஷீட்டு இங்கிலீஷில் எழுதப்படுகிறது. அதுவும் சுருக்கெழுத்துப் போன்ற குறிகளில். டாக்டரும் நர்ஸும் சிந்திப்பது தமிழில். நோயாளி பேசுவது ஒரியாவிலோ போஜ்புரியிலோ. மருந்தின் பெயரையும் அளவையும் இங்கிலீஷில் எழுதுவதில் நமக்கு ஆட்சேபமில்லை. அதில் குழப்பம் கூடாது. ஆனால் வாயால் ஒப்படைக்கும்போது, தமிழரான இருவர் தமிழில் நிறுத்திச் சொல்லித் தமிழில் திருப்பிக் கேட்பதில் என்ன குறை? இங்கிலீஷ் பேச்சுத் தடுமாற்றத்தில் பாதியை விழுங்குவதைவிட அது மேலன்றோ? வடநாட்டுத் தொழிலாளி விஷயத்திலும் வழியில்லாமலில்லை. 2023 மார்ச்சில், வெளி மாகாணத்தார் தாக்கப்படுவதாகப் பொய்ச் செய்திகள் பரவித் தொழிலாளர்கள் ஊரைவிட்டுப் புறப்படத் தொடங்கியபோது, திருப்பூர்ப் போலீஸார் ஹிந்தி அறிந்தவர்களைத் தேடிப் பிடித்து உதவி எண்களைத் துரிதமாக ஏற்படுத்தினர். தொழில் நின்றுவிடும் என்ற அச்சம் வந்தபோது கிடைத்த மொழிபெயர்ப்பாளர், ஒரு தொழிலாளியின் மூச்சு நின்றுவிடும் என்ற நிலையில் கிடைக்கமாட்டாரா?

சட்டம் இதில் பேசாமலில்லை. 1992 ஜூலையில் மேற்கு வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் காயமுற்ற விவசாயத் தொழிலாளி ஒருவரை, படுக்கையில்லை, வசதியில்லை என்று சர்க்கார் ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் திருப்பி அனுப்பின. அந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1996இல் அளித்த தீர்ப்பு, அது அரசியல் சாசனத்தின் 21ஆவது ஷரத்து காப்பளிக்கும் உயிர் வாழும் உரிமைக்கு மாறானது என்று கூறி, 25,000 ரூபாய் நஷ்டஈடு அளிக்கச் செய்தது. எந்த ஆஸ்பத்திரியில் இடமுண்டு என்பதை உடனே அறிந்து நோயாளியை அங்கு அனுப்புவதற்கு மாகாண அளவில் மையமான செய்தித் தொடர்பு ஏற்பாடு வேண்டுமென்றும் கூறிற்று. நம் மாகாணத்தில் 2008 முதல் ஓடும் 108 வண்டிகளும், விபத்து நிகழ்ந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் 2021ஆம் வருஷத்துத் திட்டமும் அந்த வழியில் நல்ல முன்னேற்றங்களே. வண்டி விரைந்து வந்து சேர்கிறது; அதனோடு வர வேண்டிய விவரம் பின்தங்கி விடுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோயாளி கேட்டால் வைத்தியக் குறிப்புகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டுமென்று 2002ஆம் வருஷத்து மருத்துவ ஒழுக்க விதிகள் கூறுகின்றன. அது டாக்டர்களுக்குத் தெரியும். கேட்கலாமென்பது ஜனங்களுக்குத் தெரியாது.

இவ்வளவும் நர்ஸுகளின் தலையில் இன்னொரு சுமையாக முடியும் என்ற ஆட்சேபத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஒரு வார்டு முழுவதையும் இரவில் ஒருவர் இருவர் பார்க்குமிடத்தில் ஒப்படைப்பு ஓட்டமும் நடையுமாகத்தான் முடியும். ஆகையால் டியூட்டிப் பட்டியல் தயாரிக்கும்போதே, போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து நிற்கக் கால்மணி நேரத்தை வேலை நேரமாகவே கணக்கிட வேண்டும்; அதைச் சொந்த நேரத்திலிருந்து கொடுக்கும்படி கேட்பது நியாயமன்று. அந்தக் கால்மணி நேரத்தில் இருவரும் கட்டில் கட்டிலாக நடக்கட்டும். அதிகாரிகளின் டெலிபோன் மணி அப்போது ஒலியாதிருக்கட்டும்.

திருப்பூர் மருத்துவக் கல்லூரி இளைய ஸ்தாபனம். பழைய கல்லூரிகளின் கெட்ட வழக்கங்கள் அங்கு இன்னும் இறுகியிரா. நாலரை வருஷப் படிப்பு முடிந்து ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜனாக வார்டில் நுழையும் ஒவ்வொரு மாணவரும், முதல் வாரத்திலேயே ஒப்படைக்கவும் ஏற்றுக்கொள்ளவும் பழக்கப்பட வேண்டும். நாடி பார்ப்பதற்குப் பரீட்சை வைப்பது போல இதற்கும் வைக்கலாம். கோயமுத்தூர்க் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நோயாளியை அனுப்பும்போது, வண்டி புறப்படுமுன் இங்குள்ள டாக்டர் அங்குள்ள டாக்டரிடம் நேரே டெலிபோனில் பேசி, பேசியவர் கேட்டவர் இருவர் பெயரும் ரெபரல் சீட்டில் ஏற வேண்டும். பெயர் எழுதினால் பழி வருமென்று அஞ்சுவோர் இருப்பர். பெயர் எழுதாமலிருக்கும் இன்றைய முறையில் அகப்பட்டவர் தலையில்தான் பழி விழுகிறது என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும்.

முதலாளிமார்களுக்கும் இதில் பங்குண்டு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு தொழிலாளியோடும் ஒரு சீட்டு வர வேண்டும்: பெயர், வயது, பேசும் பாஷை, ஊரிலுள்ளவர் டெலிபோன் எண், விபத்து நேர்ந்த மணி, எந்த யந்திரம் அல்லது எந்த ரசாயனம், கம்பெனியில் செய்த முதலுதவி. லாட் நம்பர் எழுதும் கை இதையும் எழுதும். உடன் செல்பவர் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பாமல், வார்டு நர்ஸ் அச்சீட்டை வாசித்துக் கையெழுத்திடும் வரை அங்கிருக்க வேண்டும். அவ்வாறு இருப்பவருக்கு அன்றைய ஷிப்டுக் கூலி பிடித்தம் செய்யப்படலாகாது. உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் அடுத்த கூலி ஒப்பந்தத்துக்காக மேஜையில் அமரும்போது, இதனையும் ஒரு ஷரத்தாகச் சேர்த்துக்கொள்ளுமாறு இரு தரத்தாரையும் கேட்டுக்கொள்கிறோம்.